அடி விழும் மாதங்கள்

என் பெரியம்மா தர்மபுரி மாவட்டம் அரூர் பக்கம் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊருக்கு அவர் நர்சம்மா. வீங்கிய கன்னத்தோடு ஒரு பெண் துணை சுகாதார நிலையத்துக்கு வந்தால், "ஏன் அடிச்சான்?" என்று அவர் கேட்கமாட்டார். "முழுகாம இருக்கியா கண்ணு?" என்பார். இல்லையென்றால், "கடைசிப் புள்ளைக்கு என்ன வயசு? ஆபரேஷன் பண்ணியாச்சா?" சிறுவயதில் எனக்கு இது வேடிக்கையாக இருக்கும். அடி கன்னத்தில், இவர் விசாரிப்பதோ வயிற்றைப் பற்றி.

ஏன் அடித்தான் என்று கேட்டால் வருகிற பதில்கள் எல்லா வீட்டிலும் ஒன்றுதான் என்பார் பெரியம்மா. குழம்பு சரியில்லை, எதிர்த்துப் பேசினேன், குடித்திருந்தார். எப்போதிலிருந்து அடிக்கிறான் என்று கேட்டால்தான் கதை வெளியே வரும். கல்யாணமாகி ஒரு வருடம் கழித்து, இரண்டாவதும் பெண்ணாகப் பிறந்த பிறகு, "போதும், ஆபரேஷன் பண்ணிக்கிறேன்" என்று சொன்ன வாரத்தில். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் கணவன் கையால் அடி வாங்கும் பெண்களைப் பற்றிப் பேசுவதென்றால் இந்தக் காலக்கணக்கிலிருந்து தொடங்குவதுதான் சரி என்று எனக்குப் படுகிறது. வறுமை, குடி, படிப்பின்மை எல்லாம் உண்மைதான். ஆனால் அவை எல்லா நாளும் வீட்டில் இருப்பவை. அடி எல்லா நாளும் ஒரே அளவில் விழுவதில்லை.

முதலில் கொஞ்சம் எண்களைப் பார்த்துவிடலாம். 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் திருமணமான 18 முதல் 49 வயதுப் பெண்களில் 38.1 சதவீதம் பேர் கணவனின் உடல்ரீதியான அல்லது பாலியல் வன்முறையை வாழ்நாளில் ஒருமுறையாவது சந்தித்திருக்கிறார்கள். இந்திய சராசரி 29.3. பெண் கல்வி, மருத்துவமனைப் பிரசவம், குறைந்த பிள்ளைப்பேறு எல்லாவற்றிலும் முன்னால் நிற்கிற மாநிலம் இதில் மட்டும் பின்னால் நிற்கிறது. நம் பெண்கள் வாய்திறந்து சொல்கிறார்கள், வடக்கே சொல்வதில்லை, அதனால்தான் இந்த வித்தியாசம் என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். கொஞ்சம் உண்மை இருக்கலாம். அதற்காக நூற்றுக்கு 38 பேர் வாங்கிய அடி இல்லாமல் போய்விடாது.

இந்தக் கணக்கை எடுக்கும் முறையும் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். "உங்கள் கணவர் உங்களைக் கொடுமைப்படுத்துகிறாரா?" என்று கேட்டால் பாதிப் பேர் இல்லை என்பார்கள். ஒரு அறையைக் கொடுமை என்று கணக்கில் வைக்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. அதனால் செயலைச் சொல்லியே கேட்கிறார்கள்: அறைந்தாரா, பிடித்துத் தள்ளினாரா, கையை முறுக்கினாரா, முடியைப் பிடித்து இழுத்தாரா, உதைத்தாரா, கழுத்தை நெரித்தாரா. ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம் மட்டுமே கேட்கவேண்டும், அதுவும் தனியாக. மாமியார் திண்ணையில் வந்து உட்கார்ந்துவிட்டால் கேள்வியைக் கைவிட வேண்டியதுதான். தேர்ந்தெடுத்த சில வீடுகளில்தான் இந்தப் பகுதியைக் கேட்கிறார்கள் என்பதால் மாவட்ட வாரியான எண் வெளியிடுவதில்லை. தர்மபுரிக்கு இத்தனை சதவீதம் என்று யாராவது அடித்துச் சொன்னால், எங்கிருந்து எடுத்தீர்கள் என்று கேளுங்கள்.

சரி, குடி. எங்கள் பக்கம் எந்த மேடையிலும் இந்தப் பேச்சு டாஸ்மாக் கடையில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடும். அதே கணக்கெடுப்பில், அடிக்கடி போதையில் வரும் கணவன் உள்ள பெண்களில் நாடு முழுக்க சுமார் 70 சதவீதம் பேர் வன்முறையைச் சந்தித்தவர்கள். கணவன் குடிக்காத வீட்டில் அது 23 சதவீதம். வித்தியாசம் பெரியது, மறுக்க முடியாது. ஆனால் அந்த 23ஐயும் ஒரு நிமிடம் பாருங்கள். ஒரு சொட்டு தொடாத ஆண்களின் வீட்டிலும் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பெண் அடி வாங்கியிருக்கிறாள். இன்னொன்றும் உண்டு. தலைகால் புரியாத போதையில் அடித்தேன் என்பவன், வழியில் வந்த போலீஸ்காரரையோ கடன் கொடுத்த மேஸ்திரியையோ அடித்ததாகக் கேள்விப்படுவதில்லை. யாரை அடிக்கலாம் என்ற நிதானம் அந்தப் போதையிலும் இருக்கிறது. குடி எரிகிற அடுப்பில் ஊற்றுகிற மண்ணெண்ணெய். அடுப்பைப் பற்றவைத்தது வேறு.

அது சின்ன வயதுக் கல்யாணத்திலிருந்து தொடங்குகிறது.

2011 மக்கள்தொகைக் கணக்கில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் தர்மபுரி, 68.5 சதவீதம். பெண்களில் அது 60. கிருஷ்ணகிரி அதைவிடச் சற்று மேல். மழையை நம்பிய மேட்டுநிலம், புளி, மா, கேழ்வரகு. விதைக்கும் பட்டம் தப்பினால் ஆண்கள் பெங்களூருக்கோ திருப்பூருக்கோ கட்டட வேலைக்கோ கம்பெனி வேலைக்கோ போவார்கள். பல வீடுகளில் அப்பா அம்மா இருவருமே போய்விடுகிறார்கள். பாட்டி வீட்டில் விடப்படும் பெண் வயதுக்கு வந்ததும் "பொறுப்பு" ஆகிவிடுகிறாள். யாருடனாவது பேசினாள் என்று ஒரு சொல் காதில் விழுந்தால் போதும், அடுத்த முகூர்த்தத்தில் முடித்துவிடுவார்கள். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை மலைக்கிராமங்களிலும் பென்னாகரம், பாப்பிரெட்டிப்பட்டி பக்கமும் பத்தாவதோடு பள்ளியை நிறுத்துவது இன்னும் பெரிய செய்தியாக இல்லை. மேல்நிலைப் பள்ளி தூரம், கடைசி பஸ் ஆறு மணிக்கு, வழியில் காடு. பெற்றவர்களைத் திட்டுவதற்கு முன் அந்த பஸ் நேரத்தையும் பார்க்கத்தான் வேண்டும்.

பதினெட்டுக்குள் கல்யாணமான பெண்கள் கணவனிடம் அடி வாங்கும் வாய்ப்பு அதிகம் என்பது உலகம் முழுக்க ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிவது. காரணத்தை ஊகிக்க ஆய்வு தேவையில்லை. அவளுக்குப் பதினாறு, அவனுக்கு இருபத்தாறு. அவளிடம் பணம் இல்லை, படிப்பு பாதி, கைபேசி அவன் வாங்கிக் கொடுத்தது. மாட்டேன் என்று சொல்லத் தெரியாத வயதில் முதல் ராத்திரி. அடுத்த வருடம் இடுப்பில் பிள்ளை. உடம்பு இன்னும் வளர்ந்து முடிக்காத நேரத்தில் வருகிற கர்ப்பத்தில் ரத்தசோகை, ரத்தக்கொதிப்பு, எடை குறைந்த குழந்தை எல்லாவற்றுக்கும் வாய்ப்பு கூடுதல். குழந்தை இளைத்துப் பிறந்தால் அதற்கும் பேச்சு அவளுக்கே.

இதில் சட்டமே உண்டாக்கிய ஒரு சிக்கலும் இருக்கிறது. 2012இன் போக்சோ சட்டப்படி பதினெட்டு நிரம்பாத பெண்ணுடன் உறவு குற்றம். மனைவியானாலும் அப்படித்தான் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. தீர்ப்பு சரியானது, சந்தேகமே இல்லை. ஆனால் மருத்துவமனைக்குப் போனால் வயது கேட்பார்கள், தகவல் காவல் நிலையத்துக்குப் போகும் என்று தெரிந்ததும் சில குடும்பங்கள் கர்ப்பத்தையே பதிவு செய்யாமல் மறைக்கின்றன. ஐந்து மாதம், ஆறு மாதம் வரை ஒரு நர்சும் பார்க்காத பெண். அடி வாங்கினாலும் யாரிடமும் காட்ட முடியாது. காட்டினால் வயது தெரிந்துவிடும். அதிகம் பாதுகாக்கப்பட வேண்டியவள்தான் அதிகம் ஒளித்துவைக்கப்படுகிறாள்.

அப்புறம் சொந்தத்தில் கல்யாணம். அக்கா மகளைத் தாய்மாமன் கட்டுவதும் அத்தை மகன், மாமன் மகளைக் கட்டுவதும் எங்கள் பக்கம் இன்றும் சர்வசாதாரணம். தமிழ்நாட்டில் நான்கில் ஒரு கல்யாணத்துக்கு மேல் ரத்த சொந்தத்துக்குள் நடக்கிறது. இதைப் பற்றி மரபணுக் கோளாறு என்ற அளவில் மட்டுமே எழுதுகிறார்கள். வன்முறைக் கோணத்தில் இதற்கு இரண்டு முகம். மாமியார் என்பவள் சொந்தப் பாட்டிதானே, பேத்தியை அடிக்க விடுவாளா என்பது ஒன்று. உண்மையில் சில வீடுகளில் அந்தப் பாட்டி குறுக்கே பாய்ந்து கையைப் பிடிப்பதைப் பார்த்திருக்கிறேன். இன்னொரு முகம்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. வெளியில் கட்டிக்கொடுத்த பெண்ணுக்குக் கோபித்துக்கொண்டு போக ஒரு தாய்வீடு உண்டு. மாமனையே கட்டியவளுக்குத் தாய்வீடும் புகுந்த வீடும் ஒரே கூரைக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம். அவள் வாய்திறந்தால் அம்மாவுக்கும் அம்மாவின் தம்பிக்கும் உறவு முறியும். "என் தம்பி மேல பழி சொல்றியா" என்று பெற்ற அம்மாவே கேட்கிற வீட்டில் அவள் எங்கே போவாள்?

கல்யாணமாகி ஆறு மாதம் ஆனால் விசாரிப்பு தொடங்கிவிடும். "ஏதாவது விசேஷம் உண்டா?" ஒரு வருடம் தாண்டினால் கேள்வியின் குரல் மாறும். விருந்துக்குக் கூப்பிடமாட்டார்கள், வளைகாப்புக்கு முன்னால் நிற்கவிடமாட்டார்கள், மலடி என்ற சொல்லை முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். குழந்தையின்மைக்குக் காரணம் ஆணிடமும் இருக்கும், ஏறத்தாழ பாதி தம்பதிகளில் ஆணின் குறையும் பங்கு வகிக்கிறது என்பது மருத்துவத்தில் பழைய செய்தி. விந்துப் பரிசோதனை எளிது, செலவு குறைவு, ஒரே நாளில் முடிவு. ஆனாலும் முதலில் ஸ்கேனுக்குப் போவது அவள்தான், மருந்து குடிப்பது அவள்தான், கோயிலில் மண்சோறு சாப்பிடுவதும் அவள்தான். அவனைச் சோதிக்கச் சொன்ன அன்றைக்கு அடி விழுந்ததாகச் சொன்ன பெண்களைப் பெரியம்மா பார்த்திருக்கிறார். "ஆம்பள இல்லன்னு சொல்றியா?" இந்த ஒரு வரியில் மொத்த விவகாரமும் இருக்கிறது. இரண்டாம் கல்யாணம் என்ற மிரட்டல் அதோடு ஒட்டிக்கொண்டு வரும்.

கர்ப்பம் தரித்துவிட்டால் அடி நிற்குமா? சில வீடுகளில் நிற்கும். வயிற்றில் இருப்பது நம் வாரிசு என்ற கணக்கு. சில வீடுகளில் கூடும். அவள் உடம்புக்கு முடியாமல் படுத்திருக்கிறாள், கூலி வேலைக்குப் போகவில்லை, படுக்கையில் ஒத்துழைக்கவில்லை. அதிலும் சந்தேகப் பேர்வழி என்றால், பெங்களூரிலிருந்து தான் வந்துபோன தேதியை எண்ணிப் பார்த்து, "இது யாருது?" என்பான். கர்ப்ப காலத்தில் வயிற்றில் விழும் அடி நஞ்சுக்கொடியைக் கருப்பைச் சுவரிலிருந்து பிரிக்கக்கூடும், ரத்தப்போக்கும் குறைமாதப் பிரசவமும் அதனால் வரும். அடி வயிற்றில் படாவிட்டாலும் பயமும் தூக்கமின்மையும் சரியாகச் சாப்பிடாததும் வளரும் குழந்தையை எட்டும். கணவனிடம் வன்முறையை அனுபவிக்கும் பெண்களுக்கு எடை குறைந்த குழந்தை பிறக்கும் வாய்ப்பு 16 சதவீதம் கூடுதல், கருக்கலைப்பு இரண்டு மடங்குக்கு மேல், மனச்சோர்வு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு என்று உலக சுகாதார நிறுவனம் 2013இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது.

நம் முன்னோர்களின் ஒரு வழக்கத்தை இங்கே பாராட்டத் தோன்றுகிறது. ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளையல் அடுக்கித் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போவது. பிரசவம் முடிந்து மூன்று மாதமாவது அங்கேயே இருப்பாள். அந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் அடியிலிருந்து காப்பாற்ற வேண்டும் என்று நினைத்தார்களா தெரியாது, ஆனால் அதுவும் நடக்கிறது. சிக்கல் என்னவென்றால் அந்த வழக்கம் முதல் பிரசவத்துக்கு மட்டும். இரண்டாவதுக்கு, "மூத்ததை யார் பார்க்கிறது, மாட்டுக்கு யார் தண்ணி காட்டுறது" என்று அவள் புகுந்த வீட்டிலேயே இருந்துவிடுகிறாள். முதல் குழந்தை பெண்ணாக இருந்த வீட்டில் இரண்டாவது கர்ப்பம்தான் நெருப்பு மேல் நடப்பது.

இந்த மாவட்டத்தின் பழைய காயமும் அதுதான். பிறந்த பெண் சிசுவுக்குக் கள்ளிப்பால் கொடுத்த கதை உசிலம்பட்டிக்கு மட்டும் சொந்தமில்லை. வளர்க்க விரும்பாத பெண் குழந்தையை அரசிடம் ஒப்படைக்க 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் தர்மபுரிக்கும் நீட்டிக்கப்பட்டது சும்மா இல்லை. 2001 கணக்கெடுப்பில் ஆறு வயதுக்கு உட்பட்டவர்களில் ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 826 பெண் குழந்தைகள்தான் இன்றைய தர்மபுரி மாவட்டப் பகுதியில் இருந்தார்கள். மாநில சராசரி 942. 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. 2011இல் தர்மபுரியில் 913, கிருஷ்ணகிரியில் 926. ஏறியிருக்கிறது, ஆனால் மாநிலத்தின் 943ஐ எட்டவில்லை. கருவில் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் சட்டம் 1994இலேயே வந்துவிட்டது. கையடக்க ஸ்கேன் கருவியைக் காரில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் பார்த்துச் சொல்லும் கும்பல்கள் இந்த இரண்டு மாவட்டங்களிலும் சமீப வருடங்களில்கூடப் பிடிபட்டிருக்கின்றன.

அந்தக் காருக்கு ஒரு கர்ப்பிணி தானாகவா போகிறாள்? யாரோ கூட்டிக்கொண்டு போகிறார்கள். பெண் என்று தெரிந்ததும் கலைக்கச் சொல்வதும், மறுத்தால் அடிப்பதும், கலைத்தபின் உடம்பு தேறுவதற்குள் அடுத்த கர்ப்பத்துக்குத் தயாராகச் சொல்வதும் ஒரே வன்முறையின் வெவ்வேறு கட்டங்கள்தான். வெளியே தெரியும் காயம் இல்லாததால் நாம் அதை அந்தப் பெயரில் அழைப்பதில்லை. குழந்தை ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்வது தகப்பனின் விந்தில் உள்ள எக்ஸ், ஒய் குரோமோசோம் என்று பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் படித்துத் தேர்வு எழுதியவன்தான், மூன்றாவதும் பெண் என்றதும் மருத்துவமனை வராண்டாவிலிருந்து சொல்லாமல் கிளம்பிப் போகிறான்.

இனி ஆபரேஷன். தமிழ்நாட்டில் குடும்பக் கட்டுப்பாடு என்றால் பெண்ணுக்குச் செய்யும் அறுவை சிகிச்சை என்றே அர்த்தமாகிவிட்டது. ஐந்தாவது கணக்கெடுப்பின்படி திருமணமான பெண்களில் 57.8 சதவீதம் பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்களின் பங்கு 0.1 சதவீதம். ஆணுக்குச் செய்வது இன்னும் எளிது, கத்தியின்றியே செய்யலாம், அன்றே வீட்டுக்குப் போகலாம். "பாரம் தூக்க முடியாமப் போயிடும்" என்று கட்டட வேலைக்குப் போகும் ஆண்கள் நம்புகிறார்கள், அவர்களைவிட அதிகமாக அவர்களின் அம்மாக்கள் நம்புகிறார்கள். ஆக உடம்பு அவளுடையது, வலி அவளுடையது, முடிவு மட்டும் அவளுடையது இல்லை. இரண்டும் பெண் என்றால் "இன்னொண்ணு பார்க்கலாம்" என்று தடுப்பார்கள். அவளாகச் செய்துகொண்டு வந்தால் சந்தேகம் வேறு வழியாக வரும்: இனிமேல் யாரோடு போனாலும் தெரியாது, அதற்குத்தானே அவசரமாகச் செய்துகொண்டாய் என்று. இந்தப் பேச்சை முதல்முறை கேட்டபோது நான் நம்பவில்லை. பிறகு ஒன்றுக்கும் மேற்பட்ட வாயிலிருந்து கேட்டுவிட்டேன்.

அதனால்தான் சில பெண்கள் சத்தமில்லாத வழிகளைத் தேடுகிறார்கள். அரசு மருத்துவமனைகளில் அந்தரா என்ற பெயரில் மூன்று மாதத்துக்கு ஒரு கருத்தடை ஊசி இலவசமாகப் போடுகிறார்கள். மாத்திரை அட்டையைப் போல ஒளித்துவைக்கத் தேவையில்லை. "சத்து ஊசி" என்று வீட்டில் சொல்லிக்கொள்ளலாம். மாதவிலக்கு தவறுவதும் திட்டுத்திட்டாகப் படுவதும் அதில் சகஜம், அதைச் சமாளிக்கத்தான் சாமர்த்தியம் வேண்டும். கருக்கலைப்பிலும் 1971 சட்டப்படி பதினெட்டு நிரம்பிய பெண்ணுக்குத் தன் சம்மதம் மட்டுமே போதும், கணவன் கையெழுத்து தேவையில்லை. ஆனால் நிஜத்தில், "வீட்டுக்காரர் வரலையா?" என்று கேட்காத இடம் அபூர்வம். 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு படி மேலே போய், கருக்கலைப்புச் சட்டத்தின் நோக்கத்துக்கு, கணவனின் வற்புறுத்தலால் உண்டான கர்ப்பத்தையும் வன்புணர்வால் வந்ததாகவே கொள்ளலாம் என்றது. தண்டனைச் சட்டம் அப்படிச் சொல்வதில்லை. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சங்கிதையிலும் பதினெட்டு நிரம்பிய மனைவி என்றால் கணவனுக்கு விலக்கு இருக்கிறது. ஒரே செயல், ஒரு சட்டத்தில் வன்புணர்வு, இன்னொன்றில் இல்லை.

பணம் கையில் இருந்தால் அடி குறையுமா? எல்லோரும் ஆம் என்பார்கள். விடை அவ்வளவு நேராக இல்லை. சம்பளத்துக்குப் போகும் பெண்கள் வீட்டில் இருப்பவர்களைவிட அதிக வன்முறையைச் சொல்கிறார்கள் என்பதே நாடு தழுவிய கணக்குகளில் தெரிவது. வறுமையால்தான் பலர் வேலைக்குப் போகிறார்கள், அந்த வறுமைதான் வீட்டுச் சண்டைக்கும் காரணம் என்பது ஒரு விளக்கம். அவள் சம்பாதிப்பது அவனுக்கு உறுத்துகிறது என்பது இன்னொன்று. ஓசூர், போச்சம்பள்ளி பக்கம் வந்திருக்கும் ஆலைகளுக்கு ஷிப்ட் வண்டியில் போய்வரும் பெண்களைப் பார்த்தால் இரண்டும் கண்ணில் படும். சம்பளத் தேதியில் ஏடிஎம் கார்டு யார் சட்டைப்பையில் இருக்கிறது என்று பாருங்கள், வேலைக்குப் போகிறாளா என்பதைவிட அது அதிகம் சொல்லும். மகளிர் உரிமைத் தொகைக்கு விண்ணப்பம் பதியும் முகாமை 2023 ஜூலையில் முதலமைச்சர் தொடங்கி வைத்தது எங்கள் தொப்பூரில்தான். மாதம் ஆயிரம் ரூபாய். பெரிய தொகை இல்லை, ஆனால் அவள் பெயரில் வருகிறது. கார்டும் அவளிடமே இருந்தால் தர்மபுரி வரை பஸ் ஏறி ஒருவரைப் பார்த்துவிட்டு வர அது போதும்.

சம்பளத்தைவிட அழுத்தமாகப் பேசுவது சொத்து. கேரளத்தில் திருவனந்தபுரம் மாவட்டத்தில் பிரதீப் பாண்டாவும் பீனா அகர்வாலும் நடத்தி 2005இல் வெளியிட்ட ஆய்வில், நிலமோ வீடோ தன் பெயரில் இல்லாத பெண்களில் 49 சதவீதம் பேர் கணவனிடம் அடி வாங்கியதாகச் சொன்னார்கள். இரண்டும் வைத்திருந்தவர்களில் அது 7 சதவீதம். வேலை போகலாம், சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்ளலாம். தன் பெயரில் ஒரு வீடு இருந்தால், "வெளியே போடி" என்ற வாக்கியத்தை அவன் சொல்ல முடியாது, அவள்தான் சொல்லலாம். தமிழ்நாட்டில் 1989இலேயே மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் சம உரிமை வந்தாயிற்று. எங்கள் ஊர்ப் பக்கம் அந்த உரிமை கல்யாணத்தன்று பவுனாகவும் பைக்காகவும் மாறி மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்விடுகிறது. பிறகு ஒருநாள் சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கூப்பிட்டு அண்ணன் தம்பிகள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவார்கள், பிரியாணி வாங்கிக்கொடுத்து. அண்ணன் வீட்டு வாசல் திறந்திருக்க வேண்டுமென்று அவளும் போட்டுவிடுவாள். அடி வாங்கி வந்து நிற்கிற நாளில் அந்த வாசல் எத்தனை நாள் திறந்திருக்கும் என்பது அண்ணியைப் பொறுத்தது.

இவ்வளவும் நடந்தும் ஏன் சொல்வதில்லை? வன்முறைக்கு ஆளான பெண்களில் 14 சதவீதம் பேர்தான் நாடு முழுக்க யாரிடமாவது உதவி கேட்டிருக்கிறார்கள். 77 சதவீதம் பேர் உதவி கேட்கவும் இல்லை, ஒருவரிடமும் வாய்திறக்கவும் இல்லை. கணவன் அடிப்பது சில காரணங்களுக்கு நியாயம்தான் என்று இந்தியப் பெண்களில் 45 சதவீதம் பேர் அதே கணக்கெடுப்பில் சொன்னார்கள், ஆண்களில் 44. பெண் ஒரு சதவீதம் கூடுதல். அடிக்கிற கைதான் அணைக்கும் என்று சொல்லி வளர்த்ததன் விளைச்சல் இது. அம்மா அடி வாங்குவதைப் பார்த்து வளர்ந்த பெண்கள் தாங்களும் அடி வாங்குவது மற்றவர்களைவிட மிக அதிகம் என்பதும் அந்தக் கணக்கெடுப்பிலேயே இருக்கிறது. தப்பித்து வந்தவளுக்கு ஊர் வைத்திருக்கும் பெயரோ வாழாவெட்டி.

சட்டம் என்றதும் நம்மவர்களுக்கு நினைவுக்கு வருவது கைது. அவள் கேட்பது பெரும்பாலும் அதுவல்ல. "அவரை ஜெயில்ல போட வேணாம், அடிக்காம இருந்தா போதும்." 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் கிட்டத்தட்ட அந்த வாக்கியத்துக்காகவே எழுதப்பட்டது. அடிக்கக்கூடாது என்ற பாதுகாப்பு ஆணை, வீட்டைவிட்டுத் துரத்தக்கூடாது என்ற ஆணை, செலவுக்குப் பணம், பிள்ளைகள் யாரிடம் என்பது எல்லாவற்றையும் மாஜிஸ்திரேட்டிடம் ஒரே மனுவில் கேட்கலாம். வீடு மாமனார் பெயரில் இருந்தாலும் அங்கே குடியிருக்கும் உரிமை அவளுக்கு உண்டு. ஆணையை மீறினால்தான் ஒரு வருடம் வரை சிறை. மனுவை எழுதித்தர மாவட்ட சமூகநலத் துறையில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார், வக்கீல் கட்டாயமில்லை. அறுபது நாளில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. எத்தனை அறுபது நாள் என்று நீதிமன்ற வாசலில் நிற்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள். உடனடி உதவிக்கு 181, சிறுமியின் திருமணம் என்றால் 1098. காவல் நிலையத்தில் மனுவுக்கு ரசீது கொடுத்து, இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சமாதானம் பேசி, "அனுசரிச்சுப் போம்மா" என்று அனுப்பிவைப்பதே வழக்கமாக நடப்பது. அன்றிரவு என்ன நடக்கும் என்று அவளுக்கு மட்டும் தெரியும்.

ஆகவே நான் பெரியம்மாவிடமே திரும்ப வருகிறேன். கலெக்டர் ஆபீஸ், போலீஸ் ஸ்டேஷன், நீதிமன்றம் மூன்றுக்கும் அவளாகத் தேடிப் போகவேண்டும். வீட்டில் எவ்வளவு கட்டுப்பாடு இருந்தாலும், கணவனே கூட்டிக்கொண்டு வந்து விடும் ஒரே அரசாங்க இடம் கர்ப்பப் பரிசோதனை நடக்கும் சுகாதார நிலையம்தான். கர்ப்பத்தைப் பதிவு செய்து தரும் பிக்மி நம்பர் வேண்டும், தடுப்பூசி வேண்டும், பிரசவ உதவித்தொகை வேண்டும். தமிழ்நாட்டில் அநேகமாக எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில்தான் என்பதால் ஒன்பது மாதத்தில் நான்கைந்து முறையாவது அவள் ஒரு செவிலியர் முன்னால் உட்கார்ந்தே தீருவாள். அடி விழும் மாதங்களும் நர்சம்மா பார்க்கிற மாதங்களும் ஒன்றாக இருக்கின்றன. எடை, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின் கேட்கிற அட்டையில் இந்தக் கேள்விக்குக் கட்டமில்லை. இருக்கவும் வேண்டாம் என்பார் பெரியம்மா, அட்டை அவள் வீட்டுக்குத்தான் போகும்.

அவர் செய்தது வேறு. கூடவே வந்து நகராமல் நிற்கும் கணவனிடம், "தம்பி, ரெண்டு பேர் ஆதாரும் ஜெராக்ஸ் வேணும், பாஸ்புக்கும் முதல் பக்கம் எடுத்துட்டு வந்துருங்க" என்பார். அது ஏற்கெனவே அவரிடம் இருக்கும். ஜெராக்ஸ் கடை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், போய்வரக் கால் மணி நேரம். அவன் வண்டியை எடுக்கிற சத்தம் கேட்டதும் கதவைச் சாத்திவிட்டு, வயிற்றைப் பார்க்கிற சாக்கில் முதுகையும் பார்ப்பார். பிறகுதான் கேள்வி. சில பெண்கள் அழுவார்கள், பலர் ஒன்றும் சொல்லமாட்டார்கள். சொன்னாலும் சொல்லாவிட்டாலும் தன் நோட்டில் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைப்பார். புள்ளி வைத்த பெண்ணுக்கு அடுத்த தேதி ஒரு மாதம் கழித்து இல்லை, பத்து நாளில். "ரத்தம் கம்மியா இருக்கு, சீக்கிரம் கூட்டிட்டு வாங்க" என்று ஜெராக்ஸோடு திரும்பி வந்தவனிடம் சொல்லி அனுப்புவார்.